பத்து லட்சம் கோன்

சூரியனிலிருந்து பூமி பத்து லட்சம் கோன் தூரத்தில் இருக்கிறது என்று பரிபூரணம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

கோன் என்பது நூல் சுற்றிய கூம்பு. ராஜபாளையத்து மில்களிலிருந்து நூல் அந்த வடிவத்தில்தான் வெளியூர் போகிறது. அவள் வேலை பார்க்கும் மில்லில் ஒரு கோன் ஒன்றரைக் கிலோ. அறுபதாம் நம்பர் நூலாக இருந்தால் அதில் நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கோனை உருட்டிவிட்டால் திருச்செந்தூர்க் கடல் வரை போகும். பத்து லட்சம் கோன் உருட்டினால் சூரியன்.

இந்தக் கணக்கு அவளுக்குத் தேவைப்பட்டது நாற்பத்தாறாம் வயதில். அதற்கு முன் சூரியன் எவ்வளவு தூரம் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. மம்சாபுரத்தில் அவள் வீட்டுக்கு மேற்கே மலை. சாயங்காலம் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா நடவுக்குப் போன இடத்தில் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். வீட்டில் இரண்டு தம்பிகள். சோறு பொங்க ஆள் வேண்டும். பதினெட்டு வயதில், சர்ச்சுக்கு வரும் ஒருவர் சொல்லி, மில்லில் வைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். அங்கே வேலை, சின்னச் சின்ன பாபின்களில் வரும் நூலை ஒன்றோடொன்று சேர்த்துக் கோனாகச் சுற்றுவது. அப்போது நூல் அறுந்தால் கையால் முடிச்சுப் போட வேண்டும். இப்போது மெஷினே காற்றடித்து ஒட்டவைத்துவிடுகிறது. முடிச்சு இல்லை. அறுந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன் அவளை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதற்குக் காரணம் அவள் படிப்பு அல்ல. கலப்பு இல்லாத வேலை.

மில்லில் நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட நூல் மெலியும், அதே எடையில் நீளம் கூடும். அறுபதாம் நம்பர் ஒன்றரைக் கிலோ நூற்றைம்பது கிலோமீட்டர் என்றால், நாற்பதாம் நம்பர் ஒன்றரைக் கிலோ நூறு கிலோமீட்டர்தான். சுற்றி முடித்த பிறகு பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் நூல் சுற்றும் அட்டைக் கூம்பின் நுனிக்கு வர்ணம் வைத்திருக்கிறார்கள். அந்த மில்லில் அறுபதுக்கு மஞ்சள், நாற்பதுக்குப் பச்சை. ஒரு நம்பரிலிருந்து இன்னொரு நம்பருக்கு மெஷினை மாற்றும் நாளில், மாற்றாமல் விட்ட ஒரே ஒரு கோன் உள்ளே போய்விட்டால் போதும். நெய்த துணியில் பட்டையாகத் தெரியும். வாங்கியவன் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான். இதைக் கலப்பு என்பார்கள். மில்லில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் பரிபூரணம் நின்ற மெஷினில் கலப்பு வந்ததில்லை. மேனேஜர் ஒருநாள் அவளை அழைத்து நீலக் கோட்டைக் கொடுத்தார். தொழிலாளிகளுக்குப் பச்சைக் கோட்டு, சூப்பர்வைசருக்கு நீலம். நீலக் கோட்டுக்கு மார்பில் பை உண்டு. அவள் அதில் இரண்டு பேனா குத்திக்கொண்டாள். வீட்டில் கழற்றி மாட்டும்போதும் பேனாக்களை எடுக்கமாட்டாள்.

இப்போது அந்தக் கோட்டுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வெளிநாட்டில் நூல் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பி ஒவ்வொருவருடைய காகிதத்தையும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் என்றால் எட்டாம் வகுப்புச் சான்றிதழாவது வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆபீஸில் ஆட்களைக் கவனிக்கும் சுயம்புலிங்கம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். தனித்தேர்வு இருக்கிறது, யாரும் எழுதலாம், ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து எடுத்தால் போதும். அதுவரை கோட்டு அவளிடமே இருக்கட்டும் என்று மேனேஜரிடம் பேசி வைத்திருக்கிறார். எழுதாவிட்டால், அல்லது தேறாவிட்டால், டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணைப் போடுவார்கள்.

“அந்தப் புள்ளைக்கி மஞ்ச நுனி எது, பச்ச நுனி எதுன்னு தெரியுமா சார்?” என்று பரிபூரணம் கேட்டாள்.

“அவகிட்ட காயிதம் இருக்கும்மா” என்றார் சுயம்புலிங்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே டுடோரியல் இருந்தது. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை. மில் பஸ்ஸில் வந்து மம்சாபுரத்துக்குத் திரும்பாமல் அங்கே இறங்கிக்கொள்வாள். லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டுபவர்கள், வாட்ச்மேன் வேலைக்குப் போக இருந்த ஒருவர், அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கும் இரண்டு பெண்கள் என்று பதினோரு பேர். பாடம் நடத்தியவள் வெங்கடேஸ்வரி, இருபத்தாறு வயது, பி.எஸ்சி. இயற்பியல். ராஜபாளையத்துப் பெண். கல்லூரியில் சேர்ந்து மேலே படிக்க வேண்டியவள், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் ஊரிலேயே இருந்தாள். பரிபூரணத்தை அக்கா என்றாள். பரிபூரணம் அவளை டீச்சர் என்றாள்.

தமிழ் வந்தது. கணக்கு மில்லிலேயே பழகியது. சமூக அறிவியலை மனப்பாடம் செய்தாள். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி நாற்பது வரும் என்று வெங்கடேஸ்வரி சொன்னாள். அறிவியல்தான் நிற்கவில்லை. வீட்டில் படித்தது பஸ் ஏறும்போது இருக்கும், இறங்கும்போது இருக்காது.

ஜூன் மாதத்தில் ஒருநாள் சூரியக் குடும்பம் பாடம். வெங்கடேஸ்வரி கரும்பலகையின் இடது ஓரத்தில் சூரியனைப் பாதி வட்டமாக வரைந்து, அதிலிருந்து வலதுபுறமாக எட்டு கோள்களை வரிசையாக வரைந்தாள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். அடியில் ஒவ்வொன்றும் சூரியனிலிருந்து எத்தனை கோடி கிலோமீட்டர் என்று எழுதினாள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பரிபூரணம் எழுதாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், படமும் கணக்கும் ஒத்துப் போகலயே” என்றாள்.

எது ஒத்துப் போகவில்லை என்று வெங்கடேஸ்வரி கேட்டாள்.

“படத்துல எல்லாம் ஒரு சாண் எடைவெளியில நிக்கி. கணக்குல செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல அம்புட்டு தூரம் கெடக்கே. அங்க என்ன இருக்கு?”

சின்னக் கற்கள் இருக்கின்றன, பெரிதாக ஒன்றும் இல்லை என்றாள் வெங்கடேஸ்வரி. சரியான அளவில் வரைந்தால் முதல் நான்கும் சூரியனோடு ஒட்டிக்கொள்ளும், நெப்டியூனை வரையத் தெருவுக்குப் போக வேண்டும், பலகையில் இடம் பத்தாது. புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

லாரி லைசென்ஸ்காரர் ஒருவர், அக்கா அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார் போல என்றார். சிரித்தார்கள். பரிபூரணத்துக்கு அது கிண்டலாகப் படவில்லை. அளக்காமல் எதை ஒத்துக்கொள்வது?

மறுநாள் டீ நேரத்தில், நூலின் நம்பரும் நீளமும் குறிக்கும் லாட் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். பதினைந்து கோடியை நூற்றைம்பதால் வகுத்தாள். மீதியில்லாமல் பத்து லட்சம் வந்தது. தப்பாக வகுத்துவிட்டோம் என்று நினைத்து இன்னொரு கார்டை எடுத்து மறுபடி போட்டாள். பத்து லட்சம்தான்.

அவள் பிரிவில் ஐந்து மெஷின். மூன்று ஷிப்டும் ஓடினால் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கோன் இறங்கும். நிலா இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கோன். அப்படியானால் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் அடுத்த காலை எட்டு மணிக்குள் நிலாவைத் தொட்டுவிடலாம். சூரியனுக்கு முந்நூற்று நாற்பத்தைந்து நாள். பொங்கல், தீபாவளி, மே தினம், ரிப்பேர், கரண்ட் போன நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வருஷம். அவள் ஐந்து மெஷினையும் நிமிர்ந்து பார்த்தாள். முந்நூறு இடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்தில் இவ்வளவு தூரம் போகிறோம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மூன்றாம் மெஷினில் நிற்கும் இருளம்மாளிடம் சொன்னாள். இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் காதருகே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

இருளம்மாள் கேட்டுவிட்டு, “ஏட்டி, சூரியன் வரைக்கும் நூலு விட்டா அங்க போயி கருகிராதா?” என்றாள். பிறகு, “அப்பொ நாம சேந்த அன்னைக்கி விட்ட நூலு இப்பொ எங்கன நிக்கும்?” என்றாள்.

அந்தக் கேள்வி பரிபூரணத்தைப் பிடித்துக்கொண்டது.

பூமி ஒரு வருஷம் என்றால் மற்றவையும் வருஷக் கணக்கில் வந்துவிடும். இன்றைய மெஷின் வேகம் அன்றைக்கு இல்லைதான். இருந்தாலும் இன்றைய வேகத்திலேயே வைத்துக்கொண்டாள். புதன் நாலரை மாதம். வெள்ளி ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால். பூமி ஒரு வருஷம். செவ்வாய் ஒன்றரை வருஷம். அதன்பின் வியாழனுக்கு ஐந்து வருஷம் ஆகிறது. சனிக்கு ஒன்பதரை. யுரேனஸுக்குப் பத்தொன்பது. நெப்டியூனுக்கு முப்பது. அவள் மில்லுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். நூல் இன்னும் நெப்டியூனைத் தொடவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தன் வருஷங்களை இந்தப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சேர்ந்து நாலைந்து மாதத்தில் அவள் போட்ட முடிச்சை மேஸ்திரி பிரித்துப் பார்க்காமல் விட ஆரம்பித்தார். ஒன்பதாவது மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒரு வருஷத்தில் வேலை நிரந்தரமானது. அடுத்த ஆறு மாதத்தில் அருளப்பனோடு கல்யாணம். எல்லாம் ஒன்றரை வருஷத்துக்குள். பிறகு மகன் பிறந்தான். இப்போது ராணுவத்தில், ஜோத்பூரில் இருக்கிறான். ஒன்பது வருஷம் ஆனபோது புது மெஷின் வந்தது. யுரேனஸுக்கு நேராக எழுத அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வருஷத்தில் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வேலைக்குப் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள். நீலக் கோட்டு வந்தது யுரேனஸைத் தாண்டி வெகுதூரத்தில், பக்கத்தில் எந்தக் கோளும் இல்லாத இடத்தில்.

வெங்கடேஸ்வரியிடம் லாட் கார்டைக் காட்டினாள். அவள் போனில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சரிபார்த்தாள். எதிலும் பிழை இல்லை. கார்டைத் திருப்பித் தராமல் செத்த நேரம் கையிலேயே வைத்திருந்தாள். தான் மூன்று வருஷம் இயற்பியல் படித்தும் இந்தத் தூரத்தை நம்பராகத்தான் பார்த்ததாகச் சொன்னாள். அதன்பின் டீச்சராக ஒன்று சொன்னாள்.

“அக்கா, பரிச்சையில கோன்ல எழுதக் கூடாது. கிலோமீட்டர்லதான் எழுதணும். கோடியவே மனப்பாடம் பண்ணிருங்க.”

பரிபூரணம் சரி என்றாள். ஆனால் கோடிகள் நிற்கவில்லை. கோன் நின்றது. ஏழு லட்சத்து இருபதாயிரம், பத்து லட்சம், பதினைந்து லட்சத்து இருபதாயிரம், ஐம்பத்திரண்டு லட்சம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எழுதும்போது பெருக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அருளப்பன் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான். தேங்காய் லோடு ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதையே பெரிய தூரமாகப் பேசுகிறவன். சனிக்கிரகம் எவ்வளவு தூரம் என்றால், தொண்ணூற்றைந்து லட்சம் என்பாள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, புத்தகத்தில் வேறு போட்டிருக்கிறதே என்பான். அது கிலோமீட்டர் என்பாள்.

“எம்புட்டா இருந்தா என்ன. சாமி தூரத்துல வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கும்” என்று புத்தகத்தை மூடுவான்.

தேர்வு ஆகஸ்டில். திங்கள் முதல் வெள்ளி வரை, கடைசி நாள் அறிவியல். ஐந்து நாளும் அரைநாள் லீவு கேட்டிருந்தாள். மதியம் தேர்வை முடித்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவாள். அந்த வாரத்தில் புதன்கிழமை திடீரென்று பெரிய ஆர்டர் வந்தது. அறுபதை நிறுத்திவிட்டு ஐந்து மெஷினையும் நாற்பதுக்கு மாற்ற வேண்டும். வேறொருவரைப் பார்க்கச் சொல்கிறேன் என்று மேனேஜர் சொன்னார். பரிபூரணம் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றும்போதுதான் கலப்பு வரும்.

புதன் மதியமும் வியாழன் மதியமும் அவள் மெஷின் மெஷினாக நின்று மாற்றினாள். மஞ்சள் நுனிக் கூம்பு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி எடுத்துப் பச்சையை வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னத் திரை இருக்கிறது. கோனுக்கு எத்தனை கிலோமீட்டர் நூல் சுற்றியதும் நிறுத்த வேண்டும் என்று அதில் எண் போட வேண்டும். நூற்றைம்பதை அழித்துவிட்டு நூறு என்று தன் விரலாலேயே போட்டாள். ஐந்து மெஷினிலும் போட்டாள். போட்டுவிட்டு, திரும்ப முதல் மெஷினுக்கு வந்து ஐந்தையும் ஒரு தடவை பார்த்தாள். நூறு, நூறு, நூறு, நூறு, நூறு.

வெள்ளிக்கிழமை அறிவியல் தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி இருந்தது. வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன் நான்கும் சூரியனிலிருந்து உள்ள தொலைவை எழுதி, பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே உள்ள தொலைவைக் கண்டுபிடி. பரிபூரணம் அதைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் எழுத எடுத்தாள். தாளின் ஓரத்தில் கோன்களை எழுதினாள். பிறகு ஒரு கோன் எத்தனை கிலோமீட்டர் என்று பெருக்கினாள்.

வெள்ளி ஏழு கோடியே இருபது லட்சம். பூமி பத்துக் கோடி. செவ்வாய் பதினைந்து கோடியே இருபது லட்சம். வியாழன் ஐம்பத்திரண்டு கோடி.

பதினைந்து கோடி என்பது எங்கோ கேட்டது போல இருந்தது. வெங்கடேஸ்வரி பலகையில் பலமுறை அடிக்கோடு போட்ட எண் அது. செவ்வாயைத்தான் அப்படி அடிக்கோடு போட்டிருக்கிறாள் என்று பரிபூரணம் முடிவு செய்தாள். மனப்பாடத்தைவிடப் பெருக்கலை நம்புகிறவள் அவள். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஐந்து கோடியே இருபது லட்சம் என்று எழுதி, அதற்கும் அடிக்கோடு போட்டாள்.

சாயங்காலம் வெங்கடேஸ்வரி போனில் கேட்டபோது, கோள்கள் கேள்வி வந்தது, முழுசாக எழுதிவிட்டேன் என்றாள்.

சனிக்கிழமை காலையில் மில்லில் இருட்டறைக்குப் போனாள். பேக்கிங்குக்குப் போகும் முன் கோன்களை வரிசையாக மாட்டி, ஊதா விளக்கைப் போட்டுப் பார்க்கும் அறை அது. மற்ற விளக்கெல்லாம் அணைந்திருக்கும். ஒரே பஞ்சில் நூற்ற கோன்கள் ஒரே மாதிரி வெளிறி ஒளிரும். வேறு பஞ்சு, வேறு நூல் என்றால் அது மட்டும் தனி நிறம் காட்டும். நூற்றுக்கணக்கான கோன்கள் இருட்டில் நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். அன்றைக்கு நான்காவது வரிசையில் ஒன்று கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்து வெளிச்சத்தில் பார்த்தாள். நுனி மஞ்சள்.

வியாழன் மதியம் யாரோ தள்ளுவண்டியின் அடியில் விட்டிருந்த பழைய கோன். பேக்கிங்குக்குப் போகவில்லை, கலப்பு ஆகவில்லை. அதற்குத்தான் அந்த அறை இருக்கிறது. அவள் அதைப் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள், அறுபது, நூற்றைம்பது கிலோமீட்டர் என்று கார்டில் எழுதப் பேனாவை எடுத்தாள். நூற்றைம்பது என்று எழுதியதும் பேனா நின்றது.

அவள் கணக்குப் போட்டது அறுபதில். பெருக்கியது நாற்பதில்.

இருளம்மாள் வந்து என்ன என்று கேட்டாள். பரிபூரணம் கோனைக் காட்டினாள். ஒரு கோன்தானே, பிடித்துவிட்டாயே, அதற்கு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று இருளம்மாள் கேட்டாள்.

“கலந்துட்டேன்” என்றாள் பரிபூரணம்.

அன்று சாயங்காலம் டுடோரியலுக்குப் போனாள். தேர்வு முடிந்துவிட்டதால் பெஞ்சுகளெல்லாம் காலி. வெங்கடேஸ்வரி அடுத்த பேட்சுக்கு விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளில் எழுதிய நான்கு எண்ணையும் பரிபூரணம் சொன்னாள். ஏன் அப்படி வந்தது என்பதையும் சொன்னாள். வெங்கடேஸ்வரி ஒரு தாளில் அவற்றைக் குறித்து, பக்கத்தில் சரியானவற்றை எழுதிப் பார்த்தாள்.

“எல்லாமே மூணுல ரெண்டு பங்காயிருச்சுக்கா. ஒண்ணுக்கொண்ணு உள்ள கணக்கு மாறவே இல்ல” என்றாள். பிறகு பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டாள். “பூமி நெசமான வெள்ளிக்கும் உள்ள போயிருச்சு. செவ்வாய் வந்து பூமி இருந்த எடத்துல நிக்குது.”

“பூமி அங்க நின்னா என்னாகும்?”

“தண்ணி நிக்காது. கடலு, கம்மா எல்லாம் ஆவியாப் போயிரும். நாம யாரும் இருக்க மாட்டோம்.”

பரிபூரணம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து கோடி கிலோமீட்டர் பிசகியிருக்கிறது. நெப்டியூன் வரை உள்ள தூரத்தில் அது ஒன்றுமே இல்லை. நெப்டியூன் அவ்வளவு நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. பூமி நகரக் கூடாது. முந்நூறு இடத்தில் சுற்றும் நூலில் ஒரு கோன் மாறியதைக் கண்டுபிடிக்கிற அவள், தான் நிற்கிற இடத்தை மாற்றி எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

மதிப்பெண் போடுவார்களா என்று அவள் கேட்கவில்லை. வெங்கடேஸ்வரியே சொன்னாள். விடைக்குத்தான் மதிப்பெண், எண் தப்பு என்றால் ஐந்தும் போய்விடும். மற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், வந்துவிடும் என்றாள். அவள் குரலில் உறுதி இல்லை.

முடிவு அக்டோபரில் வந்தது. வெங்கடேஸ்வரி போனில் பார்த்துச் சொன்னாள். தமிழ் அறுபத்தொன்று, ஆங்கிலம் முப்பத்தெட்டு, கணக்கு எண்பத்திரண்டு, சமூக அறிவியல் ஐம்பத்தேழு. அறிவியல் முப்பத்து மூன்று.

அருளப்பன் அன்றைக்கு மீன் வாங்கி வந்து அவனே அலசிக் கொடுத்தான். ஜோத்பூரிலிருந்து மகன் பேசினான். அந்தக் கோட்டு இல்லாவிட்டால் என்ன, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்றான். அவன் பாசத்தில் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. போனை அருளப்பனிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் இருளம்மாள் டீ நேரத்தில் அவளை ஓரமாகக் கூட்டிப்போனாள். மதுரைப் பக்கம் ஒருவன் இருக்கிறானாம். எட்டாவது, பத்தாவது, எது வேண்டுமானாலும் முத்திரையோடு தருகிறானாம். அவள் நாத்தனார் மகன் அப்படி வாங்கித்தான் டிரைவராக இருக்கிறானாம்.

“ரெண்டு மார்க்குக்காக இத்தன வருஷத்த விடுவியாட்டி? வெள்ளைக்காரன் வந்து காயிதத்த மோந்தா பாக்கப் போறான்?”

பரிபூரணம் சிரித்தாள். கோபம் வரவில்லை. பச்சைக் கூம்பில் அறுபதைச் சுற்றிவைத்தால் நுனியைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது. நெய்தால் தெரிந்துவிடும். இதை இருளம்மாளிடம் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கும் தெரியும். இருளம்மாள், உன்னிடம் சொன்னேன் பார் என்று டம்ளரைக் கழுவப் போனாள்.

பத்து மணிக்கு சுயம்புலிங்கம் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். டிப்ளமோ பெண் திங்கட்கிழமை சேருகிறாள் என்றார். மேனேஜருக்கு வருத்தம்தான். சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள், மெஷினும் அவள் கேட்கிற மெஷினே தருவார்கள். அடுத்த ஆகஸ்டில் அறிவியல் ஒன்றை மட்டும் எழுதினால் போதும், தேறிவிட்டால் அந்தப் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் தரவில்லை, வாயால் சொன்னது.

“ஒரு வருசந்தானம்மா. ஓடிரும்” என்றார்.

“ஒரு வருசம் எம்புட்டு தூரம்னு தெரியுமா சார்?”

சுயம்புலிங்கம் அவளைப் பார்த்தார். அவள் கோட்டைக் கழற்றினாள். பையிலிருந்த இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு, கோட்டைக் கைகளை உள்ளே மடித்து, நாலாக மடித்து மேஜைமேல் வைத்தாள். யாருக்கும் கொடுக்காமல் அலமாரியில் வைத்திருக்கச் சொல்லலாமா என்று யோசித்தாள். கேட்கவில்லை.

திங்கட்கிழமை பச்சைக் கோட்டோடு வந்தாள். நாற்பதாம் நம்பர் ஆர்டர் முடிந்து, மெஷின்கள் மறுபடியும் அறுபதுக்கு மாறியிருந்தன. டிப்ளமோ பெண் நீலக் கோட்டில் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அந்தக் கோட்டு தோளில் பெரிதாக இருந்தது. பரிபூரணத்தின் மெஷினுக்கு வந்ததும் நின்றாள்.

“அக்கா, மஞ்ச நுனி அறுவதுதான?” என்று கத்திக் கேட்டாள்.

“அறுவது. மஞ்சத்தப் பாத்துட்டுப் போயிரக் கூடாது. திரையில நூத்தம்பது இருக்கான்னு பாக்கணும். ரெண்டும் ஒத்துப் போகணும்.”

அந்தப் பெண் குனிந்து திரையைப் பார்த்தாள். நூற்றைம்பது. அடுத்த மெஷினுக்குப் போய் அங்கேயும் குனிந்து பார்த்தாள். ஐந்தாவது வரைக்கும் அவள் பார்க்கிறாளா என்று பரிபூரணம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள்.

பரிபூரணம் ஒரு லாட் கார்டை எடுத்து, பின்பக்கத்தில் நூல் புறப்படும் தேதியைப் போட்டாள். கீழே வேறொன்றும் எழுதாமல் பச்சைக் கோட்டில் பை தேடினாள். இல்லை. இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

பதினேழாவது இடத்தில் கோன் நிறைந்து விளக்கு எரிந்தது. எடுத்து நுனியைப் பார்த்தாள். மஞ்சள். தள்ளுவண்டியில் வைத்துவிட்டு, காலியான இடத்தில் புதுக் கூம்பை மாட்டினாள். நூல் மறுபடி ஓட ஆரம்பித்தது.